இங்கிலீஷ் கட்டுரையும் இலக்கியமும்: தரம் 6 முதல் 9 வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து வருகிறேன். ஆசிரியர் ஓய்வறையில், செயலமர்வு முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், சில நேரம் மீன் வாங்க நிற்கும்போதும்கூட ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள், வீட்டில் ரியூசன் கொடுக்கும் தங்கச்சிமார் கேட்கிறார்கள், தாய்மார் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். விடைகள் என் வகுப்பில் நான் கண்டவை. இலேசான கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

1. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷில ஒரு வசனமே ஒழுங்கா வராது. அதுக்குள்ள கட்டுரை எழுதச் சொல்லலாமா?

சொல்லலாம். கட்டுரை என்றதும் ஒரு பக்கம் நிறைய எழுதுவது என்று நினைத்துவிடுகிறோம். தரம் 6இல் ஐந்து வசனமே கட்டுரைதான், அந்த ஐந்தும் ஒரே விஷயத்தைப் பற்றி இருந்தால். பிள்ளை மூன்றாம் ஆண்டிலிருந்து ஆங்கிலப் புத்தகம் வைத்துப் படிக்கிறது. சொற்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து உன்னுடைய விஷயம் ஒன்றைச் சொல்லு என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வசனம் எல்லாம் சரியாக வரட்டும், பிறகு கட்டுரை பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் 200 சொல் அளவில் எழுதச் சொல்லும்போதுதான் பிள்ளை முதன்முதலாக உட்கார்ந்து யோசிக்கும்.

2. மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கினா என்ன பிழை ரீச்சர்? மார்க்ஸ் வருதுதானே?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. தாய்மார் மட்டுமில்லை, ஆசிரியர்களும் கேட்கிறார்கள். ஒரு தவணைப் பரீட்சையில் ‘எ ட்ரிப்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். 38 விடைத்தாள்களில் 31 பேர் பேராதனைப் பூங்காவுக்குப் போயிருந்தார்கள். 31 பேரும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள், 31 பேரும் பஸ்ஸில் பாட்டுப் பாடினார்கள், எல்லாருக்கும் அது மறக்க முடியாத நாள். அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன். பேராதனையை நேரில் கண்டவர்கள் நான்கு பேர்.

அடுத்த தவணையில் தலைப்பைக் கொஞ்சம் மாற்றி, ரயில் பயணம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னேன். இங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போய் வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் நிறையப் பேர். அப்படியிருந்தும் பாதிப் பேர் பழைய பேராதனைப் பயணத்தையே எடுத்து, ‘பஸ்’ என்று இருந்த இடத்தில் ‘ட்ரெயின்’ என்று போட்டிருந்தார்கள். ரயிலில் ஏறிப் பூங்கா வாசலில் இறங்கினார்கள். மார்க்ஸ் போனது ஒரு பக்கம். ரயிலில் இரவு முழுவதும் யன்னலோரம் விழித்திருந்த பிள்ளைக்கு, தான் கண்டது எழுதுவதற்கு உரியது என்றே தெரியாமல் போனதுதான் எனக்குக் கவலை.

மாதிரிக் கட்டுரையைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதை வாசிக்கக் கொடுங்கள். பிடித்த இரண்டு வசனத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த வசன அமைப்பில் தங்கள் விஷயத்தை வைத்து இரண்டு வசனம் எழுதச் சொல்லுங்கள். மாதிரி அதற்குத்தான்.

3. அப்ப எங்கயிருந்து தொடங்குறது? ‘எழுது’ எண்டா பேனையைக் கடிச்சிக்கொண்டு இருக்குதுகள்.

பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நம்முடைய ஊரில் மான்கள் தெருவில் திரிகின்றன. வெளியூர்க்காரர் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், நம்முடைய பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஏழாம் ஆண்டு வகுப்பிடம், நாளைக்கு வரும் வழியில் ஒரு மானை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், கண்டதை மூன்று வசனத்தில் எழுதுவோம் என்று சொன்னேன்.

ஒரு மாணவி ‘த டியர் இஸ் பியூட்டிஃபுல்’ என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்து தமிழிலேயே கேட்டேன்: “மான் என்ன செய்துகொண்டு நின்றது?” “சாப்பிட்டுக்கொண்டு நின்றது, மிஸ்.” “என்ன சாப்பிட்டது?” கொஞ்சம் யோசித்தாள். “லஞ்ச் சீட்.” சோற்றுப் பொதி சுற்றும் மெல்லிய தாள் அது. “எப்படித் தெரியும்?” “வாயில பாதி தொங்கிக்கொண்டு இருந்தது. சோறு ஒட்டியிருந்தது.” இதை எழுது என்றேன். ‘த டியர் வாஸ் ஈட்டிங் எ லஞ்ச் சீட். தெயர் வாஸ் ரைஸ் ஆன் இட்.’ வகுப்பில் வாசித்தபோது ஒரு சத்தமும் இல்லை. ‘பியூட்டிஃபுல்’ என்ற சொல்லை அவளே வெட்டிவிட்டாள், நான் சொல்லவில்லை.

இந்த “எப்படித் தெரியும்?” என்ற கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இலக்கியத்துக்கும் இதே கேள்விதான் வரப்போகிறது.

4. முதல்ல தமிழில எழுதிட்டு இங்கிலீஷுக்கு மாத்தச் சொல்லலாமா?

தமிழில் யோசிக்கலாம், தமிழில் பேசலாம், தமிழில் குறிப்பும் எழுதலாம். முழு வசனமாகத் தமிழில் எழுதி அதை வசனத்துக்கு வசனம் மாற்ற வேண்டாம். காரணம் இரண்டு மொழியின் கட்டுமானத்தில் இருக்கிறது. ‘நேற்றுச் சந்தைக்குப் போனேன்’ என்றால் போனது யார் என்பதைப் ‘போனேன்’ என்பதன் கடைசி எழுத்துகளே சொல்லிவிடும். ‘நான்’ தேவையில்லை. இதை அப்படியே மாற்றும் பிள்ளை ‘யெஸ்டர்டே மார்க்கெட் வென்ட்’ என்று எழுதும். ‘வென்ட்’ என்பதில் ஆள் இல்லை. நானும் வென்ட், நீயும் வென்ட், அவளும் வென்ட். அதனால்தான் ஆங்கிலத்துக்கு ‘ஐ’ கட்டாயம் வேண்டும். இதை ஒருநாள் கரும்பலகையில் இரண்டு வசனத்தையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கும். இலக்கணப் பாடமாக எடுத்தால் அவ்வளவு விளங்காது.

நான் செய்வது: கொப்பியின் ஓரத்தில் தமிழில் ஐந்தாறு சிறு குறிப்புகள். சந்தை, மழை, குடை உடைந்தது, மாமி சிரித்தா. பிறகு அந்தச் சொற்களைப் பார்த்து நேராக ஆங்கிலத்தில் வசனம். ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லையே வைத்துவிட்டு மேலே போகலாம். அகராதிக்காக நின்றால் கதை போய்விடும்.

5. முன்னுரை, முடிவுரை எல்லாம் இங்கிலீஷிலயும் வேணுமா?

தமிழ்க் கட்டுரையில் ஔவையார் வாக்கோடு தொடங்கிப் பழகிய பிள்ளை, ‘மை மதர்’ என்ற தலைப்புக்கும் உலகத்தில் தாயைவிடப் பெரியது எதுவும் இல்லை என்று மூன்று வசனம் எழுதிவிட்டுத்தான் தன் தாயிடம் வரும். 100 சொல்லில் 30 அதிலேயே போய்விடும். இந்த வகுப்புகளில் முதல் வசனத்திலேயே விஷயத்துக்கு வரச் சொல்லுங்கள். தரம் 6, 7க்கு ஒரு பந்தி போதும். தரம் 8, 9க்கு இரண்டு அல்லது மூன்று. புதிய விஷயம் தொடங்கினால் புதிய பந்தி, அதுதான் விதி. கடைசியில் அறிவுரை வேண்டியதில்லை.

6. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டில பிள்ளைக்கு எப்பிடி உதவி செய்யிறது?

இதைக் கேட்கும் தாய்மார் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மூன்றாம் கேள்வியில் அந்த மாணவியிடம் நான் கேட்ட எல்லாமே தமிழில்தான். நீங்களும் அப்படிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தால் வந்ததும், “இண்டைக்கு வழியில என்ன கண்டாய்? அது என்ன செய்தது? வேற யார் நின்றது?” பிள்ளை தமிழில் விளக்கமாகச் சொல்லிப் பழகினால் எழுதுவதற்கு விஷயம் சேரும். எழுதி முடித்த பிறகு, “வாசிச்சுக் காட்டு” என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்க வேண்டும் என்றே இல்லை. சத்தமாக வாசிக்கும்போது விடுபட்ட சொல் பிள்ளையின் காதிலேயே தட்டும்.

7. சிவப்புப் பேனையால எல்லாப் பிழையையும் சுத்தினா பிள்ளை அடுத்த முறை ரெண்டு வசனத்தோட நிப்பாட்டுது. திருத்தாமலும் விட ஏலாதே?

இரண்டு வசனத்தோடு நிற்பது பிள்ளையின் கெட்டித்தனம். குறைய எழுதினால் பிழையும் குறையும் என்று கண்டுபிடித்துவிட்டது. அதனால் ஒருமுறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள், எதைத் திருத்தப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நான் பிடிக்கும் ஒழுங்கு இது: முதலில் பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும். தமிழில் பெரிய எழுத்தே இல்லை, ஆகவே இது கவனக்குறைவு இல்லை, பழக்கமின்மை. அடுத்து, வசனத்தில் ஆள் இருக்கிறதா என்பது, நான்காம் கேள்வியில் சொன்ன ‘ஐ’ விஷயம். அடுத்து நேற்று நடந்ததை நேற்று நடந்ததாக எழுதுவது. ‘ஷி கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘ஸ்’ அதற்குப் பிறகு. ‘எ’, ‘த’ இரண்டும் கடைசி. தமிழில் அவற்றுக்குச் சமமான ஒன்று இல்லாததால் வருடக்கணக்கில் வாசித்துத்தான் பிடிபடும். பெரியவர்களுக்கே தடுமாறுகிறது.

மற்றப் பிழைகளை விட்டால் பெற்றோர் வந்து கேட்பார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில், இந்த மாதம் இன்ன பிழைதான் திருத்தப்படும் என்று எழுதி ஒட்டிவிட்டால் கேள்வி வராது.

8. வகுப்பில 42 பேர். பாடவேளை 40 நிமிசம். நீங்க சொல்றதெல்லாம் எப்ப செய்யிறது?

எல்லாரையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கொப்பி. ஒரு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டட்டும், கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். எழுதுவதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் அது ஒவ்வொரு வாரமும் அதே நாளில் வர வேண்டும். என் வகுப்பில் செவ்வாய்க்கிழமை.

9. சாதாரண தரத்தில இங்கிலீஷ் இலக்கியம் விருப்பப் பாடம்தானே. எட்டாம் ஆண்டில அதுக்கு ஏன் நேரம் செலவழிக்கணும்?

ஆங்கில மொழி கட்டாயப் பாடம். ஆங்கில இலக்கியம் சங்கீதம், சித்திரம், நடனம், தமிழ் இலக்கிய நயம் போன்றவற்றோடு ஒரு தொகுதியில் இருக்கும் தெரிவுப் பாடம். அதை எடுப்பவர்கள் நம்முடைய பக்கத்தில் கொஞ்சப் பேர்தான். உண்மை. ஆனால் தரம் 6 முதல் 9 வரையான ஆங்கிலப் பாடநூல்களிலேயே கவிதையும் கதையும் இருக்கின்றன. நேரம் போதாது என்று பல இடங்களில் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் தாண்டுகிறோம்.

தாண்டக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் பரீட்சை இல்லை. நல்ல வசனத்தைக் காதால் கேட்காத பிள்ளைக்கு நல்ல வசனம் எழுத வராது. பயிற்சிப் புத்தகத்தில் வரும் வசனங்களை யாரும் வீட்டில் போய்ச் சொல்லிப் பார்ப்பதில்லை. கவிதையில் வரும் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

10. கவிதையைத் தமிழில விளக்கிட்டு, கேள்வி விடை எழுதிப்போட்டா போதாதா?

முதலில் மூன்று தரம் சத்தமாக வாசியுங்கள். விளக்கம் பிறகு. ஆங்கிலக் கவிதைக்கு ஒரு இழுவை இருக்கிறது, அதை நம்முடைய பிள்ளைகளுக்குக் காட்டுவது சுலபம். மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது அம்பா என்ற பாட்டைப் பாடுவதைக் கேட்டிருப்பார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்று, எல்லாரும் ஒரே தாளத்தில் கயிற்றை இழுப்பார்கள். இரண்டு இழுப்புக்கு நடுவில் சொல் கூடலாம் குறையலாம், இழுப்பு மாறாது. ஆங்கிலக் கவிதையும் அப்படித்தான். அழுத்திச் சொல்லும் அசை விழும் இடம் ஒழுங்காக வரும், நடுவில் உள்ள மெல்லிய அசைகள் விரைவாக ஓடிவிடும். மேசையில் தட்டிக்கொண்டு வாசிக்க வைத்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது கடைசி வாங்கில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு பொருள். ‘படிமம்’ என்று வரைவிலக்கணம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பாடத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அதில் ஆர்ப்பரிக்கும் கடல் முத்தைக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் காட்சி வரும். “சத்தம் எந்தச் சொல்லில் கேட்கிறது? வெளிச்சம் எந்தச் சொல்லில் தெரிகிறது?” என்று கேளுங்கள். தமிழில் ஒருமுறை அதைக் கண்டுபிடித்த பிள்ளை ஆங்கிலக் கவிதையிலும் அதே மாதிரித் தேடும். பதிகம் தெரியாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவர்கள் வீட்டில் பாடும் தாலாட்டையோ நாட்டார் பாட்டையோ எடுக்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நல்ல நாட்டார் கவிகள் இருக்கின்றன.

11. பனி பெய்யிற கதை, நெருப்படுப்புக்குப் பக்கத்தில இருக்கிற தாத்தா, இதெல்லாம் எங்கட பிள்ளைக்கு ஒட்டவே ஒட்டாதே?

காணாத ஊரைக் காண்பதற்கும்தானே கதை. பனி பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை, ஆசிரியருக்குத்தான் பிரச்சினை. “உனக்கு எப்போது கை விறைத்தது?” என்று கேட்டால் ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கிய பிள்ளை விடை சொல்லும்.

ஆங்கில எழுத்து நம்முடைய ஊருக்குத் தூரம் என்ற எண்ணமும் சரியில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், கப்பலோடு வந்து தங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞரைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 20 வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து தப்பிப் போய், இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் பிரித்தானியக் கடற்படையில் அட்மிரலாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தார். அவருடைய கல்லறை இருப்பது திருகோணமலையில். இதைச் சொன்ன அன்று ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு மணி அடித்த பிறகும் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். “நொக்ஸ் வீட்டை நினைத்து அழுதாரா?” என்று ஒருவன் கேட்டான். அதையே அந்த வாரக் கட்டுரைத் தலைப்பாக்கினேன்: பிடிபட்ட முதல் இரவு, நொக்ஸ் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

12. கேள்விக்கு விடை எழுதச் சொன்னா முழுக் கதையையும் திருப்பி எழுதுறாங்க. என்ன செய்யிறது?

பிள்ளைக்குக் கதை தெரியும், கேள்வி பிடிபடவில்லை. ஒரு சிறு கதையை ஆங்கிலத்தில் நானே எழுதி இதற்கு வைத்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் ஒரு பையன் பணப்பை ஒன்றைக் கண்டெடுக்கிறான். திறந்து பார்க்கிறான். காசை இரண்டு தரம் எண்ணுகிறான். பிறகு அங்கே பஸ் நேரம் குறிப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கேள்வி: பையன் நேர்மையானவனா?

வழக்கமாக வரும் விடை, பையன் பஸ் நிலையத்துக்குப் போனான் என்று தொடங்கி, கொடுத்தான் என்று முடியும். அப்போது “எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். “கொடுத்தான்தானே மிஸ்.” சரி, அது ஒரு சான்று. “வேறு ஏதாவது சொல் உன்னை யோசிக்க வைத்ததா?” அப்போதுதான் யாராவது ‘ட்வைஸ்’ என்ற சொல்லைப் பிடிப்பார்கள். ஏன் இரண்டு தரம் எண்ணினான்? இனி விடை எழுதலாம்: நான் நினைப்பது ஒரு வசனம், அதைக் காட்டும் சொல் ஒரு வசனம், அந்தச் சொல் எப்படிக் காட்டுகிறது என்பது ஒரு வசனம். மூன்று வசனத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கதையைத் திருப்பி எழுத இடமே இருக்காது.

13. அப்ப பிள்ளை எதைச் சொன்னாலும் சரி எண்டு விடுறதா?

இல்லை. மேலே சொன்ன கதைக்கே ஒரு மாணவி, அவனுக்கு ஆசை வந்துவிட்டது, அதனால்தான் இரண்டு தரம் எண்ணினான் என்றாள். இன்னொருவன், பிறகு காசு குறைகிறது என்று தன்மேல் பழி வரக்கூடாது என்றுதான் எண்ணினான் என்றான். இரண்டுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது, இரண்டுக்கும் முழு மார்க்ஸ் கொடுத்தேன். மூன்றாமவன், பையன் ஏழை, அதனால் எண்ணினான் என்றான். ஏழை என்று எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தான், இல்லை. அவனே அந்த விடையை விட்டுவிட்டான்.

14. இப்ப போனில கேட்டா செட்ஜிபிடி கட்டுரை எழுதிக் குடுக்குது. பிள்ளை அதைப் பாத்து எழுதிக்கொண்டு வந்தா கண்டுபிடிக்கிறது எப்பிடி?

கண்டுபிடிக்க அலையாதீர்கள். எழுதுவதை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். எட்டாம் கேள்வியில் சொன்ன அந்தப் பத்து நிமிடம் இதற்கும் உதவும். வீட்டில் எழுதிக்கொண்டு வந்தால், ஒரு வசனத்தைக் காட்டி, இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லு என்று கேளுங்கள். தான் கண்டதை எழுதிய பிள்ளைக்குச் சொல்ல இன்னும் இருக்கும். பார்த்து எழுதிய பிள்ளை அந்த வசனத்தோடு நின்றுவிடும். அதட்ட வேண்டாம், அப்படியே உட்கார்ந்து அந்த ஒரு வசனத்தைத் தன் சொல்லில் எழுதட்டும். இரண்டாம் கேள்வியின் மாதிரிக் கட்டுரைதான் இப்போது வேறு வழியால் வருகிறது.

15. பிள்ளை வீட்டில நடந்த கவலையான விஷயத்தை எழுதியிருக்கு. அதில பிழை திருத்துறதா, விடுறதா? எனக்குக் கை ஓடல்ல.

இங்கே இது வரும். இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அந்தப் படங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன, அம்மம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்டதை எழுது என்று நாம் சொன்னால் பிள்ளை அதையும் எழுதும். அன்றைக்குப் பேனையை எடுக்க வேண்டாம். முதலில் வாசிக்கும் ஆளாக வாசியுங்கள். பிள்ளையைக் கேட்காமல் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டாம், ஓய்வறையில் மற்ற ஆசிரியர்களுக்கும் காட்ட வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்தால் மட்டும் அதிபரிடமோ ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்ல வேண்டும். அதைப் பிள்ளையிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘மை ஃபாதர்’ என்று ஆறு வசனம் எழுதியிருந்தான். தகப்பன் கடலுக்குப் போனவர், படகு மட்டும்தான் திரும்பி வந்தது. ஆறு வசனத்திலும் பிழை இருந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. கீழே பென்சிலால், படகு என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதற்குக் கீழே இரண்டு வசனம் இருந்தது. ‘இட் வாஸ் ப்ளூ. நவ் மை அங்கிள் பெயின்டட் இட் க்ரீன், பட் இன்சைட் இட் இஸ் ஸ்டில் ப்ளூ.’